இருபது லட்சம் என்னும் எல்லைக்கோடு: கோவை, மதுரைப் போக்குவரத்துத் தேர்வை முன்வைத்து

1. கேள்வி

கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ ரயில் கேட்டுத் தமிழக அரசு அனுப்பியிருந்த விரிவான திட்ட அறிக்கைகளை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. காட்டப்பட்ட காரணங்களில் அதிகம் பேசப்பட்டது மக்கள்தொகை. 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி நகரத்தில் இருபது லட்சம் பேராவது இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாநகராட்சியில் சுமார் 15.85 லட்சம், மதுரையில் சுமார் 15 லட்சம் பேர்தான் இருக்கிறார்கள் என்பது வாதம். ஆக்ராவுக்கும் போபாலுக்கும் கொடுத்தது எப்படி என்று மாநில அரசு திருப்பிக் கேட்டது. பிறகு நடந்தது வழக்கமான ஒன்றிய-மாநிலப் பூசல். ஒரு தரப்பு வஞ்சனை என்றது, மறு தரப்பு விதி என்றது.

இந்தப் பூசலில் ஒரு கேள்வி காணாமல் போனது. வளரும் நகரம் ஒன்றுக்கு எந்தப் போக்குவரத்து ஏற்றது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? இந்தியாவில் அது உண்மையில் எதை வைத்து முடிவாகிறது? இரண்டுக்கும் விடை ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு வழித்தடத்தில் எத்தனை பேர், எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதுதான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடைமுறையில் அதைத் தேர்ந்தெடுப்பவை இரண்டு: கட்டுமானப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, சாலையில் யாருடைய இடத்தைத் தொடாமல் கட்ட முடிகிறது.

2. எல்லைக்கோடு எவ்வளவு உறுதியானது?

இருபது லட்சம் என்ற எண் திடீரென்று முளைத்ததல்ல. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான நகர்ப்புறப் போக்குவரத்துப் பணிக்குழுவே மெட்ரோவுக்கான தகுதிகளில் ஒன்றாக அதைச் சொன்னது. ஆனால் அங்கே அது தனியாக நிற்கவில்லை. உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு எத்தனை பேர், சராசரிப் பயணத் தூரம் எவ்வளவு என்ற அளவுகோல்களும் பக்கத்திலேயே இருந்தன. பொது விவாதத்துக்கு வந்து சேர்ந்தபோது, எல்லோருக்கும் எளிதில் புரியும் எண் மட்டும் தங்கிவிட்டது.

அந்த எண்ணும் எல்லையை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மாநகராட்சி எல்லையை விட்டுவிட்டு, கணக்கெடுப்பு வகுக்கும் நகரத் தொகுதியை எடுத்தால் 2011-இல் கோவை 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது, மதுரை 14.65 லட்சத்தில் நின்றது. அதே அளவீட்டில் போபால் ஏறத்தாழ 18.8 லட்சம், ஆக்ரா 17.5 லட்சம். இவ்விரண்டு நகரங்களின் திட்டங்களும் 2017 கொள்கைக்குப் பிறகுதான் ஒப்புதல் பெற்றன. ஆகவே விதி ஒரே சீராகச் செலுத்தப்படவில்லை என்ற மாநிலத்தின் குற்றச்சாட்டில் வலு இருக்கிறது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. பதினான்கு ஆண்டுப் பழைய எண்ணை வைத்து முப்பதாண்டு எதிர்காலத்தைத் தீர்மானிப்பது விசித்திரம்தான்.

ஆனால் விதி பாரபட்சமாகச் செலுத்தப்பட்டது என்பதால் மட்டும் கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ பொருந்தும் என்றாகிவிடாது. போபாலுக்குக் கொடுத்ததே தவறாகவும் இருக்கலாம். இந்தச் சாத்தியத்தை இரு தரப்பும் பேசவில்லை.

3. கொள்ளளவும் நேரமும்

போக்குவரத்து அறிஞர் வூகான் வூச்சிக் வண்டியின் வகையைவிட அது ஓடும் தடத்தின் உரிமையை முதன்மையாகக் கொண்டார். மற்ற வாகனங்களோடு கலந்து ஓடுவது ஒரு நிலை. தனித்தடம் உண்டு, ஆனால் சந்திப்புகளில் நிற்க வேண்டும் என்பது இரண்டாம் நிலை. மேலேயோ கீழேயோ முழுக்கத் தனித்து ஓடுவது மூன்றாம் நிலை. வேகம், நம்பகத்தன்மை, செலவு மூன்றும் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகின்றன. சக்கரம் ரப்பரா இரும்பா என்பது அதற்குப் பிறகு வருவது.

எளிய கணக்கு ஒன்று. நின்றுகொண்டு வருவோரையும் சேர்த்து அறுபத்தைந்து பேரை ஏற்றும் டவுன் பஸ் நிமிடத்துக்கு ஒன்று வந்தால், மணிக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 4,000 பேர் போகலாம். தனித்தடமும், நிறுத்தத்தில் ஒரு பேருந்தை இன்னொன்று முந்திச் செல்ல இடமும் கொடுத்தால் இது மும்மடங்காகும். திசைக்கு இரு தடங்கள் ஒதுக்கிய பொகோட்டாவின் டிரான்ஸ்மிலேனியோ 40,000-ஐத் தாண்டியிருக்கிறது. சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரயிலின் கொள்ளளவு 1,276 பேர்; மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 25,000 பேருக்கு மேல். ஆகவே மணிக்கு ஆறாயிரம், எட்டாயிரம் பேர் போகும் தடத்தில் இரு வண்டிகளும் வேலையைச் செய்யும். அங்கே தேர்வு கொள்ளளவைப் பற்றியதல்ல. செலவையும் நேரத்தையும் பற்றியது.

நேரக் கணக்கைப் பெரும்பாலும் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரமாக மட்டுமே போடுகிறோம். ஏழு கிலோமீட்டர் போக மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் மெட்ரோவுக்குப் பதின்மூன்று நிமிடம், 15 கிலோமீட்டர் வேகத்தில் பேருந்துக்கு இருபத்தெட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் பதினைந்து நிமிடம். இதிலிருந்து நிலையம்வரை நடப்பது, படியேறுவது, பையைச் சோதனைக் கருவியில் போட்டு எடுப்பது, தடவிப் பார்க்கும் வரிசை, நடைமேடைக்கு இறங்குவது, மறுமுனையில் இதே வேலைகளைத் திரும்பச் செய்வது எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். இருபது கிலோமீட்டர் போகிறவருக்கு அப்போதும் நல்ல லாபம். ஆறேழு கிலோமீட்டர் போகிறவருக்குக் கையில் நிற்பது கொஞ்சம்தான். சராசரிப் பயணத் தூரம் முக்கியமான அளவுகோலாவது இதனால்தான். கோவைத் திட்டத்தைத் திருப்பியபோது அங்கே பயணத் தூரம் குறைவு என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மக்கள்தொகை வாதத்தைவிடக் கனமானது இதுவே. ஆனால் எவர் காதிலும் விழவில்லை.

4. முன்மதிப்பீடுகளை எவ்வளவு நம்பலாம்?

பெந்த் ஃப்ளூபியெர்கும் அவருடைய குழுவினரும் பதினான்கு நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைக்கத்தக்கது. அவர்கள் பார்த்த ரயில் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கை மிகையாக மதிப்பிடப்பட்டிருந்தது. சராசரியாக, எதிர்பார்த்தது வந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல். சாலைத் திட்டங்களில் பிழை இரு பக்கமும் சிதறிக் கிடந்தது. ரயிலில் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. தற்செயலான பிழை அப்படிச் சாயாது.

நம் வீட்டுச் சான்று சென்னையின் பறக்கும் ரயில். கடற்கரை முதல் சேப்பாக்கம்வரை 1995-இல் திறக்கப்பட்டது. 1997-இல் மயிலாப்பூரையும் 2007-இல் வேளச்சேரியையும் எட்டியது. பக்கிங்காம் கால்வாயின் மேலும் கரையிலும் அது போவதற்குக் காரணம், அங்கே நிலம் கையகப்படுத்தும் தொல்லை குறைவு. பயணிகள் இருந்த இடத்துக்குத் தடம் போகவில்லை. தடம் போட முடிந்த இடத்துக்குப் பயணிகள் வர வேண்டியிருந்தது. நிலையங்கள் கடைகளும் அலுவலகங்களும் வரும் என்ற கணக்கில் பிரம்மாண்டமாகக் கட்டப்பட்டு வெறிச்சோடின. பேருந்து நிறுத்தமும் நிலைய வாசலும் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். அந்தத் துண்டு சில நூறு மீட்டர் நில வழக்கில் மாட்டிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அதுவரை ஒரு முனை எதனோடும் சேராமல் நின்ற ரயிலில் கூட்டம் இல்லை என்று குறைபட்டுக்கொண்டோம்.

இதை ரயிலின் தோல்வி என்று எழுதுவது அவசரம். கடற்கரை-தாம்பரம் மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. இன்று அது இல்லாத தென்சென்னையைக் கற்பனை செய்யவே முடியாது. ஊர் வளரும் முன்பே தடம் போட்டால் ஊர் தடத்தைச் சுற்றி வளரும் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. கோவை மெட்ரோவை ஆதரிப்போரின் வலுவான வாதமும் இதுவே: இன்றைய கூட்டத்தைப் பார்க்காதே, 2050-ஐப் பார். நானும் இதில் பாதியை ஏற்கிறேன். 2050-க்காக இன்றே செய்ய வேண்டியது தடத்துக்கான நிலத்தைக் காப்பது. தூணை இன்றே நடுவது அதிலிருந்து தானாக வந்துவிடும் முடிவல்ல.

5. 'பேருந்து போதும்' என்பதன் வெறுமை

மெட்ரோ இல்லையென்றால் என்ன என்ற கேள்விக்கு ஒன்றிய அரசின் பதில் விரைவுப் பேருந்துத் தடம். காகிதத்தில் நியாயமான பதில். இந்தியச் சாலைகளில் அதன் வரலாற்றைப் பார்த்தால் நம்பிக்கை குறைகிறது.

தில்லியில் அம்பேத்கர் நகர்-மூல்சந்த் இடையே 5.8 கிலோமீட்டர் தடம் 2008-இல் திறந்தது, 2016-இல் இடித்துவிட்டார்கள். பக்கத்துத் தடத்தில் நெரிசலில் நின்ற கார்க்காரர்களின் கோபத்தைத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் ஒளிபரப்பின. காலியாகத் தெரிந்த பேருந்துத் தடத்தில் மணிக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதை எண்ணிச் சொல்லப் பெரிதாக யாரும் இல்லை. அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய ஜன்மார்க் தப்பித்தது. சாலை நடுவே மேடையுள்ள நிலையங்கள், மேடை மட்டத்திலேயே ஏறி இறங்கும் பேருந்துகள் என முழு அமைப்பாகக் கட்டியது ஒரு காரணம். அகலமான சாலைகளில் தொடங்கியது இன்னொன்று. போபாலின் கதைதான் சிறப்பு. அங்கே பேருந்துத் தடத்தை 2024-இல் பெயர்க்கத் தொடங்கினார்கள், 2025 டிசம்பரில் மெட்ரோவைத் திறந்தார்கள். ஒரு நகரத்துக்குப் பேருந்துத் தடம் போதும் என்று பரிந்துரைக்கும் அதே ஆட்சியமைப்பு, இன்னொரு நகரத்தில் அது பெயர்க்கப்படுவதைக் கண்டுகொள்ளவில்லை.

மெட்ரோ தூணின் மேலேயோ நிலத்தின் கீழேயோ போவதால் கார்க்காரரிடமிருந்து எதையும் பிடுங்குவதில்லை. பேருந்துத் தடம் பிடுங்குகிறது. அதன் உண்மையான விலை அந்தப் பிடுங்கலுக்கான அரசியல் துணிவு. தார் போடும் செலவு அதன் முன் அற்பம். அந்த விலையைக் கொடுக்க யார் தயார் என்று சொல்லாமல் 'பேருந்து போதும்' என்பது கைகழுவல்.

6. கோவை: ஒரே சாலையில் இரண்டு கனவுகள்

அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ்வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ ரூ.1,791 கோடி. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்த மெட்ரோ திட்டத்தின் முதன்மைத் தடமும் இதே அவிநாசி சாலை. ஒரு சாலையில் கார் விரைந்து போக ஏற்பாடு செய்துவிட்டு, அதே சாலையில் காரை விட்டுவிட்டு வரும் பயணிகளை நம்பி ரூ.10,740 கோடித் திட்டம் கேட்பதில் உள்ள முரண்பாடு அறிக்கையில் எப்படிக் கணக்கில் வந்தது என்பது விசாரிக்கத்தக்கது. 34 கிலோமீட்டரில் நாளொன்றுக்கு 5.9 லட்சம் பயணிகள் என்ற கோவை மதிப்பீட்டை, 55 கிலோமீட்டரில் சுமார் நான்கு லட்சம் பேரை ஏற்றும் சென்னையோடு ஒப்பிட்டு ஒன்றிய அரசு ஐயுற்றது. அந்த ஐயத்தை மாநில அரசு இன்னும் எண்களால் தீர்க்கவில்லை.

மேம்பாலம் டவுன் பஸ்ஸுக்கு உதவுவதில்லை. லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ் என்று நின்று நின்று ஆள் ஏற்ற வேண்டிய வண்டி கீழேதான் ஓட வேண்டும். ஆனால் ஒரு வாய்ப்பு அதில் தானாக வந்திருக்கிறது: கடந்து செல்லும் வாகனங்கள் மேலே ஏறிவிட்டதால் கீழ்ச்சாலையில் ஒரு தடத்தைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்க இதைவிட நல்ல நேரம் வராது. சில ஆண்டுகள் போனால் கீழ்ச்சாலையும் நிரம்பிவிடும். பிறகு கேட்டால் கிடைக்காது.

கோவையின் வடிவமும் கவனத்துக்குரியது. தென்மாவட்டங்களுக்குச் சிங்காநல்லூர், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் உக்கடம், நீலகிரிக்கு மேட்டுப்பாளையம் சாலை, மற்றதற்குக் காந்திபுரம் எனப் பேருந்து நிலையங்கள் பிரிந்து கிடக்கின்றன. கூட்டம் ஒரே கோட்டில் திரளாமல் பல ஆரங்களில் சிதறுகிறது. கோவை சந்திப்பு, வடகோவை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், போத்தனூர் என்று வளையமாகவே ஏற்கெனவே ஒரு ரயில் பாதை இருக்கிறது. அதில் சுற்று ரயில் விட வேண்டும் என்பது ஊராரின் பழைய கோரிக்கை. தூரப் பயண ரயில்களுக்கும் சரக்குக்கும் நடுவே அடிக்கடி வண்டி விட இடமிருக்குமா என்பது நியாயமான கேள்விதான். அதை ஆராய்ந்து 'முடியாது' என்றாவது சொல்ல வேண்டும். மாற்று வழிகளை ஒப்பிட்டாக வேண்டும் என்று 2017 கொள்கை கட்டாயப்படுத்துவது இதற்காகத்தான்.

7. மதுரை: பாலங்களும் பூ மூட்டையும்

மதுரையில் நிலைமை வேறு. திருமங்கலத்திலிருந்து திருப்பரங்குன்றம், ரயில் நிலையம், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி வழியாக ஒத்தக்கடைவரை சுமார் 32 கிலோமீட்டர். நகரின் நடுவே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சுரங்கம். செலவு ரூ.11,000 கோடிக்கு மேல். இந்தத் தடத்தின் தென்பாதியில், திருமங்கலம் முதல் மதுரை சந்திப்புவரை, இரட்டைப் பாதையாக்கப்பட்ட அகல ரயில் பாதை கூடவே ஓடுகிறது. திருப்பரங்குன்றத்தில் நிலையமும் இருக்கிறது. அதில் காலையிலும் மாலையிலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மெமு மின்ரயில் விட என்ன செலவாகும் என்ற கணக்கை எங்கும் பேசக் கேட்டதில்லை. தெற்கு ரயில்வேயும் மாநில அரசும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதால், சுரங்கம் தோண்டுவதைவிட அது கடினமாகத் தோன்றுகிறதோ என்னவோ.

மதுரையின் உண்மையான முடிச்சு வைகை. வடகரைக்கும் தென்கரைக்கும் இடையே போகும் பெருங்கூட்டம் சில பாலங்களில் குவிந்து கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் நிற்கிறது. பேருந்துக்கு முன்னுரிமை தர வேண்டியது 32 கிலோமீட்டரிலும் அல்ல, இந்தச் சில கிலோமீட்டரில்தான். இங்கே மிச்சப்படும் பத்து நிமிடம் எல்லா வழித்தடத்துக்கும் மிச்சம். ஆனால் கோரிப்பாளையத்திலும் தீர்வாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது மேம்பாலமே.

விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரும் டவுன் பஸ் ஒன்றைக் கவனித்தால் திட்ட அறிக்கையில் இடம்பெறாத சிலது தெரியும். மல்லிகை மூட்டை ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் ஏறுகிறது. நடத்துநர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. மூட்டைக்காரப் பெண் இறங்கியதும் அதே வண்டியில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பெண் பத்து ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் கொடுத்து, மூட்டையோடு சோதனைக் கருவியைத் தாண்டி மெட்ரோவுக்கு மாறுவார் என்று எந்த மாதிரிக் கணக்கு சொன்னாலும் அது தவறான கணக்கு. பேருந்தைத் தவறவிட்டால் அவர் ஷேர் ஆட்டோவுக்குத்தான் போவார். மதுரையில் ஷேர் ஆட்டோ பெருகியதே, எங்கே கை காட்டினாலும் நிற்பதாலும் அடிக்கடி வருவதாலும்தான். அடிக்கடி வருவது வேகத்தைவிட முக்கியம் என்று பயணிகள் தாங்களாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

8. யார் கணக்கில்?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், ரூ.63,246 கோடி. கிலோமீட்டருக்கு ரூ.530 கோடிக்கு மேல். ஒரு மின்பேருந்து ஒன்றரைக் கோடி என்று வைத்தால், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலையில் முந்நூற்றைம்பது பேருந்துகள். இந்த ஒப்பீடு பரவலாகச் சொல்லப்படுவது, முழு நேர்மையானதல்ல. பேருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டில் கழிந்துவிடும், சுரங்கம் நூறாண்டு நிற்கும். பேருந்துக்கு ஓட்டுநரும் நடத்துநரும் பணிமனையும் மாதந்தோறும் வேண்டும்.

ஆனால் விஷயமே இந்த 'மாதந்தோறும்' என்பதில்தான் இருக்கிறது. மெட்ரோ கட்ட ஒன்றிய அரசு பங்குத் தொகை தருகிறது, வெளிநாட்டு வளர்ச்சி வங்கிகள் நீண்டகாலக் கடன் தருகின்றன, தவணை அடுத்த தலைமுறை ஆட்சியில் வருகிறது. பேருந்துக்கு டீசலும் சம்பளமும் இந்த மாதமே மாநிலக் கஜானாவிலிருந்து போக வேண்டும். தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். உயர்த்தாமல் இருப்பது சரியான சமூகக் கொள்கையாகவே இருக்கலாம். அதற்கான ஈட்டை முழுமையாகவும் நேரத்திலும் கொடுக்காவிட்டால் போக்குவரத்துக் கழகம் புதிய வண்டி வாங்காது. நகரப் பேருந்துச் சேவைக்கான ஒன்றிய அரசின் தர அளவுகோலில் முதல் நிலை என்பது லட்சம் பேருக்கு அறுபது பேருந்து. 2011-இன் சென்னை நகரத் தொகுதிக்கே, 87 லட்சம் பேருக்கு, 5,200 பேருந்துகள் தேவை. மாநகரப் போக்குவரத்துக் கழகம் நீண்டகாலமாக 3,500-க்கும் கீழேயே ஓட்டிவருகிறது. மூவாயிரத்துச் சொச்சம் வண்டியில் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பயணங்களைச் சுமக்கும் அமைப்பை 'நட்டத்தில் ஓடும் நிறுவனம்' என்ற தலைப்பில்தான் சட்டமன்றத்தில் விவாதிக்கிறோம்.

ஆகவே கோவையும் மதுரையும் மெட்ரோ கேட்பது, ஒரு வகையில், பகுத்தறிவுக்கு ஒத்த செயலே. வெளிப்பணம் மெட்ரோ என்ற பெயரில்தான் பெரிதாக வருகிறது. இருநூறு பேருந்துகளும் பாலத்தில் ஒரு தனித்தடமும் கேட்கிற மாநகராட்சிக்கு அந்த அளவு பணமும் இல்லை, அடிக்கல் விழாவும் இல்லை.

9. எண்ணிக்கை யாரிடம் இருக்கிறது?

எந்தத் தடத்தில் எத்தனை பேர் என்பது தெரியாத ரகசியமல்ல. மெட்ரோ அறிக்கைக்காக ஆலோசனை நிறுவனங்கள் சாலையோரம் நின்று மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துகின்றன. ஆனால் ஒவ்வொரு டவுன் பஸ்ஸிலும் நடத்துநர் தோளில் தொங்கும் மிஷின், எந்த ஸ்டேஜில் எத்தனை மணிக்கு எத்தனை சீட்டு போட்டது என்பதை நாள்தோறும் பதிந்துகொண்டே இருக்கிறது. பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டும் ஈட்டுத்தொகைக்காக எண்ணப்படுகிறது. அந்தப் பதிவுகளோடு தனியார் டவுன் பஸ்களின் எண்ணிக்கையையும் ஷேர் ஆட்டோ ஓட்டத்தின் நேரடிக் கணக்கையும் சேர்த்தால், அவிநாசி சாலையிலும் வைகைப் பாலங்களிலும் காலை எட்டு முதல் பத்து மணிவரை எத்தனை பேர் போகிறார்கள் என்பதற்கு, எந்த முன்மதிப்பீட்டையும்விட உறுதியான அடித்தளம் கிடைக்கும். கழகங்கள் இவற்றைப் பொதுவெளியில் வைப்பதில்லை. திருத்திய அறிக்கையை மாநில அரசு மீண்டும் அனுப்புவதானால், கோவை, மதுரைக் கோட்டங்களின் ஓராண்டுச் சீட்டுப் பதிவுகளை ஸ்டேஜ் வாரியாக அதன் முதல் இணைப்பாக வைக்கட்டும். அறிக்கையைப் படிக்கப்போகும் நகரவாசிகளுக்கும் அதே நாளில் கொடுக்கட்டும்.